நீதிமன்ற வாசலில் நின்ற அணு விஞ்ஞானி: ஆந்திரேய் சகாரோவ்



இந்த ஆண்டு நினைவுச் சொற்பொழிவுக்கு ஒரு ரஷ்ய அணு விஞ்ஞானியைப் பேசுபொருளாக எடுத்துக்கொள்கிறேன் என்று சொன்னபோது, மன்றத்துத் தோழர்கள் சிலர் யோசித்தார்கள். "ஹைட்ரஜன் குண்டு செய்தவருக்கும் நமக்கும் என்ன தொடர்பு?" என்று ஒருவர் நேராகவே கேட்டார். நியாயமான கேள்வி. பேச்சு முடிவதற்குள் அதற்கு விடை சொல்ல முயல்கிறேன்.

யாருடைய நினைவாகக் கூடியிருக்கிறோமோ அவரை நாம் எல்லோரும் 'வாத்தியார்' என்றுதான் கூப்பிட்டோம். அவரைத் தெரிந்தவர்களுக்கு ஒரு காட்சி மறக்காது. வன்கொடுமை வழக்கு விசாரணை நாளில், மாவட்ட நீதிமன்ற வராந்தாவில், சாட்சி சொல்ல வந்த நம் பெண்களுக்குப் பக்கத்தில் துணிப்பையோடு அவர் உட்கார்ந்திருப்பார். அவர் வக்கீல் இல்லை. உள்ளே போய் அவர் பேசப்போவதும் இல்லை. "நீங்க எதுக்கு சார் வந்தீங்க?" என்று கேட்டால், "சும்மா, கூட இருக்கத்தான்" என்பார். சகாரோவின் வாழ்க்கையைப் படித்தபோது எனக்கு அந்த வராந்தாதான் ஞாபகம் வந்தது. அதனால்தான் இந்தத் தலைப்பு.

1975 டிசம்பர் 10

அன்று நார்வேயின் ஆஸ்லோ நகரில் சகாரோவுக்கு அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. மேடையில் அவர் இல்லை. அரசாங்க இரகசியம் தெரிந்தவர் என்று சொல்லி, வெளிநாடு செல்ல சோவியத் அரசு அனுமதி மறுத்தது. கண் சிகிச்சைக்காக முன்பே வெளிநாடு போயிருந்த அவருடைய மனைவி யெலேனா போனர் பரிசைப் பெற்றுக்கொண்டார். அதே நாளில் சகாரோவ் லிதுவேனியாவின் வில்னியஸ் நகரில் ஒரு நீதிமன்ற வாசலில் நின்றிருந்தார். உள்ளே செர்கேய் கவல்யோவ் என்ற உயிரியல் விஞ்ஞானி மீது வழக்கு நடந்தது. பெயருக்குத்தான் அது பகிரங்க விசாரணை. நண்பர்களை உள்ளே விடவில்லை. சகாரோவையும் விடவில்லை. இரண்டு நாள் கழித்து கவல்யோவுக்கு ஏழு ஆண்டு கடுங்காவலும் மூன்று ஆண்டு நாடுகடத்தலும் தீர்ப்பானது.

உலகமே கைதட்டிய நாளில் அந்த மனிதர் நிற்கத் தேர்ந்தெடுத்த இடம் அது. அங்கே அவர் எப்படி வந்து சேர்ந்தார்?

வேலிக்குள் ஒரு வாழ்க்கை

ஆந்திரேய் திமித்ரியேவிச் சகாரோவ் 1921 மே 21 அன்று மாஸ்கோவில் பிறந்தார். தந்தை இயற்பியல் ஆசிரியர், பாடநூல்கள் எழுதியவர். போர்க்காலத்தில், 1942-இல் பட்டம் பெற்றார். வோல்கா கரையில் உல்யானவ்ஸ்கில் தோட்டா செய்யும் ஆலையில் வேலை பார்த்தார். போர் முடிந்த ஆண்டில் மாஸ்கோ வந்து இகோர் தாம் என்ற பெரிய இயற்பியலாளரிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். 1948-இல் தாமின் குழு ஹைட்ரஜன் குண்டு வேலைக்கு அழைக்கப்பட்டது. 1950-இல் சகாரோவ் 'அர்ஸமாஸ்-16' என்ற இடத்துக்கு மாற்றப்பட்டார். அந்த ஊருக்கு வரைபடத்தில் இடமில்லை. முள்வேலி சூழ்ந்த இரகசிய நகரம்.

அந்த நகரத்தைக் கட்டியவர்களில் பலர் கைதிகள். ஒவ்வொரு நாள் காலையும் காவல் நாய்கள் சூழ வரிசையாக அவர்கள் வேலைக்கு நடத்திச் செல்லப்படுவதை விஞ்ஞானிகள் தங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தார்கள். சகாரோவும் பார்த்தார். அவர் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. பிற்காலத்தில் இதை அவரே எழுதினார். அவரைப் பிறவி மகானாக்கிக் காட்டத் தேவையில்லை. முப்பது வயதில் அவர் அரசாங்கத்தின் நம்பிக்கைக்குரிய பிள்ளை. நாட்டுக்காகச் செய்கிறோம், இரண்டு பக்கமும் குண்டு இருந்தால்தான் போர் வராது என்று நம்பினார்.

1953 ஆகஸ்ட் 12 அன்று கஜகஸ்தானின் செமிபலாத்தின்ஸ்க் சோதனைத் திடலில் அவர் வடிவமைத்த முதல் குண்டு வெடித்தது. 400 கிலோடன். ஹிரோஷிமா குண்டைப்போல் இருபத்தைந்து மடங்குக்கும் மேல். அந்த ஆண்டே, 32 வயதில், அறிவியல் கழகத்தின் முழு உறுப்பினரானார். சோஷலிச உழைப்பு வீரர் விருது மூன்று முறை: 1953, 1956, 1962. ஸ்டாலின் பரிசு, லெனின் பரிசு, வீடு, கார், மெய்க்காவலர் என்று எல்லாம் கிடைத்தன.

இறந்தவர்களின் கணக்கு

1955 நவம்பர் 22 அன்று இன்னும் பெரிய குண்டு, 1.6 மெகாடன், வெடிக்கப்பட்டது. திடலிலிருந்து வெகுதூரத்தில் ஒரு ஊரில், மக்கள் ஒதுங்கியிருந்த தங்குமிடம் அதிர்ச்சி அலையில் இடிந்தது. இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று இறந்தது. பதுங்கு குழி சரிந்து ஒரு படைவீரர் இறந்தார். அன்று இரவு விருந்து. முதல் வாழ்த்துரை சொல்லும் மரியாதை சகாரோவுக்குக் கிடைத்தது. நம் கருவிகள் இன்றுபோல் சோதனைத் திடல்களின் மேல் மட்டுமே வெடிக்கட்டும், நகரங்களின் மேல் ஒருபோதும் வெடிக்க வேண்டாம் என்ற பொருளில் அவர் பேசினார். சோதனைக்குத் தலைமை வகித்த நெடேலின் பதிலுக்கு ஒரு கொச்சைக் கதை சொன்னார். அதன் சாரம் இதுதான்: நீங்கள் செய்து கொடுங்கள், எங்கே பயன்படுத்துவது என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

சகாரோவுக்கு முகம் வெளிறிப்போனது. எவ்வளவு விருது வாங்கினாலும் அந்த அமைப்பில் தன் இடம் என்ன என்பது அன்று அவருக்குப் புரிந்தது. செய்பவன் ஒருவன், முடிவெடுப்பவன் வேறொருவன். நமக்கு இது பிறந்த அன்றே தெரிந்த பாடம். பறை செய்பவர், செருப்புத் தைப்பவர், அறுவடை செய்பவர் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு முப்பத்து நான்கு வயதில் ஒரு விருந்து மேசையில் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவர் தனக்குத் தெரிந்த வழியில் யோசிக்கத் தொடங்கினார். கணக்குப் போட்டார். 1958-இல் வெளியான அவருடைய கட்டுரை அணு வெடிப்பால் உண்டாகும் கதிரியக்கக் கார்பனைப் பற்றியது. வெடிப்பில் வெளிப்படும் நியூட்ரான்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தாக்கிக் கார்பன்-14 உருவாகிறது. அது செடியில் ஏறி, சோற்றில் ஏறி, உடம்பில் ஏறுகிறது. அதில் பாதி அழியவே 5,700 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். இந்த அளவுக்குக் கீழே தீங்கே இல்லை என்று கோடு போட முடியாது என்பதைக் கொண்டு, வெடிக்கும் ஒவ்வொரு மெகாடனுக்கும் காலப்போக்கில் பத்தாயிரம் பேர் பலியாவார்கள் என்று அவர் மதிப்பிட்டார். அதுவரை உலகில் வெடித்தது ஏறத்தாழ 50 மெகாடன். அப்படியானால் ஐந்து லட்சம் பேர்.

இந்தக் கணக்கில் அவரைத் தொந்தரவு செய்தது ஒரு விஷயம். அந்த ஐந்து லட்சம் பேரும் முகமற்றவர்கள். எந்தப் புற்றுநோய், எந்தக் குறைப்பிரசவம் குண்டால் வந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாததால் குற்றவாளியும் இல்லை. பலி உண்டு, கொலையாளி இல்லை.

நம் தோழர்களுக்கு இது புரியும். மலக்குழியில் இறங்கி இறந்தவர் எத்தனை பேர் என்று கேட்டால், நெடுங்காலம் அரசிடம் பட்டியலே இல்லை. விஷவாயு, விபத்து, குடிபோதை என்று ஏடுகளில் எழுதினார்கள். சஃபாய் கர்மசாரி அந்தோலன் ஊர் ஊராகப் போய்ப் பெயர் சேர்த்து, உச்ச நீதிமன்றத்தில் பத்து ஆண்டுக்கு மேல் வழக்கு நடத்தியது. 1993 முதல் அப்படி இறந்த ஒவ்வொருவரையும் அடையாளம் கண்டு, குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று 2014 மார்ச் 27 அன்று தீர்ப்பு வந்தது. முகமற்ற பலிகளுக்கு முகம் கொடுப்பது அரசியல் வேலை. சகாரோவ் அதைக் கணக்கில் தொடங்கினார்.

1961 ஜூலையில் சோதனைகளை மீண்டும் தொடங்கப்போவதாகக் குருஷ்சேவ் விஞ்ஞானிகளிடம் அறிவித்தபோது, வேண்டாம் என்று ஒரு துண்டுச்சீட்டு எழுதி அனுப்பினார் சகாரோவ். விருந்து மேசையில் எல்லோர் முன்னிலையிலும் குருஷ்சேவ் அவரைக் கடிந்துகொண்டார். அரசியலை எங்களிடம் விடுங்கள் என்றார். அதே அக்டோபர் 30 அன்று உலகின் மிகப்பெரிய குண்டு, 50 மெகாடன், வெடிக்கப்பட்டது. அதன் வடிவமைப்பிலும் சகாரோவுக்குப் பங்கு உண்டு. 1963-இல் காற்றிலும் நீரிலும் விண்வெளியிலும் அணுச் சோதனையைத் தடைசெய்யும் ஒப்பந்தம் மாஸ்கோவில் கையெழுத்தானது. அதற்காக உள்ளேயிருந்து வாதாடியவர்களில் அவர் ஒருவர்.

குண்டிலிருந்து உரிமைக்கு

அடுத்த அடி முக்கியமானது. குண்டை எதிர்த்தவர்கள் உலகில் பலர் உண்டு. சகாரோவ் அங்கிருந்து மனித உரிமைக்கு எப்படி வந்தார்?

அவருக்குக் கிடைத்த பதில் எளிமையானது. தன் குடிமக்களுக்குப் பதில் சொல்லாத அரசு, அண்டை நாட்டுக்கும் ஆபத்து. பத்திரிகை இல்லை, கேள்வி இல்லை, நீதிமன்றம் கட்சியின் கையில். அப்படிப்பட்ட அரசின் கையில் குண்டும் இருந்தால் யார் தடுப்பது? ஆகவே பேச்சுரிமை படித்தவர்களின் ஆடம்பரம் அல்ல, மனிதகுலம் உயிரோடிருப்பதற்கான நிபந்தனை. 1968-இல் அவர் எழுதிய 'முன்னேற்றம், சமாதான சகவாழ்வு, அறிவுச் சுதந்திரம்' பற்றிய நீண்ட கட்டுரையின் மையம் இதுதான். தட்டச்சுப் பொறியில் கார்பன் தாள் வைத்துப் பிரதியெடுத்து ரஷ்யாவுக்குள் அது கைமாறியது. ஜூலை 22 அன்று 'நியூயார்க் டைம்ஸ்' முழுக் கட்டுரையையும் வெளியிட்டது. இரகசிய நகரத்தின் கதவு அவருக்கு மூடப்பட்டது.

அதற்கு முன்பே சில சிறிய அடிகள் உண்டு. 1964-இல் லைசென்கோவின் கூட்டாளி ஒருவரை அறிவியல் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்க முயன்றபோது எழுந்து எதிர்த்தார். மரபணு அறிவியலைப் பொய் என்று சொல்லி, உண்மை பேசிய விஞ்ஞானிகளைச் சிறைக்கும் சாவுக்கும் அனுப்பிய கூட்டம் அது. 1966 டிசம்பர் 5, சோவியத் அரசியல் சட்ட நாள். மாலை ஆறு மணிக்கு மாஸ்கோவில் புஷ்கின் சிலையருகே சிலர் கூடித் தொப்பியைக் கழற்றி ஒரு நிமிடம் மௌனமாக நின்றார்கள். சகாரோவும் போனார். அதற்கு முந்தைய ஆண்டு அதே இடத்தில் நின்றவர்கள் பிடித்திருந்த அட்டையில் இருந்த கோரிக்கை, உங்கள் அரசியல் சட்டத்தை நீங்களே மதியுங்கள் என்பதுதான்.

இங்கே நாம் அண்ணலை நினைக்காமல் இருக்க முடியாது. அரசியல் சட்டம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதை நடத்துபவர்கள் கெட்டவர்களாக இருந்தால் அது கெட்டதாகிவிடும் என்று 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அவர் எச்சரித்தார். சோவியத் சட்டப் புத்தகத்திலும் பேச்சுரிமை, எழுத்துரிமை எல்லாம் அச்சாகியிருந்தன. அந்த அச்செழுத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்டதுதான் அந்த இயக்கத்தின் வழி. நம் வழியும் அதுதான்.

பெயரும் நாளும் ஊரும்

1968-க்குப் பிறகு சகாரோவ் என்ன செய்தார் என்று மாணவர்கள் கவனிக்க வேண்டும். கட்சி தொடங்கவில்லை. மேடை தேடவில்லை. மூன்று வேலைகள் செய்தார். நீதிமன்றத்துக்குப் போனார், பெயர் எழுதினார், கடிதம் போட்டார்.

1970 மே மாதத்தில் ஜோரெஸ் மெத்வதேவ் என்ற உயிரியல் விஞ்ஞானியைப் பிடித்து மனநல மருத்துவமனையில் அடைத்தார்கள். அவருக்கு மனநோய் எதுவும் இல்லை. அரசை விமர்சித்து எழுதியிருந்தார். சகாரோவ் ஒரு மரபணு ஆய்வுக் கூட்டத்துக்குப் போய், கரும்பலகையில் சாக்பீஸால் அறிவிப்பு எழுதினார்: மெத்வதேவுக்காகக் கையெழுத்து வாங்குகிறேன். கீழே தன் பெயரையும் எழுதினார். ஜூன் 17 அன்று மெத்வதேவ் விடுதலையானார். மூன்று முறை விருது வாங்கிய ஆள் வகுப்பறைக் கரும்பலகையில் எழுதிவிட்டுக் கையெழுத்துக்காகக் காத்து நின்ற அந்தச் சம்பவத்தை ஆராய்ச்சி மாணவர்கள் மறக்கக் கூடாது. அதே ஆண்டு நவம்பரில் நண்பர்களோடு சேர்ந்து மனித உரிமைக் குழு ஒன்றை அமைத்தார்.

கிரிமியத் தாத்தார்களின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. 1944 மே மாதத்தில், எதிரிக்கு உதவினார்கள் என்று சொல்லி, ஏறத்தாழ இரண்டு லட்சம் பேரை, ஒரு இனம் முழுவதையும், குழந்தை கிழவர் பார்க்காமல் சரக்கு ரயிலில் ஏற்றி மத்திய ஆசியாவுக்கு விரட்டினார்கள். தனியாள் செய்த குற்றத்துக்குப் பிறப்பைத் தண்டிப்பது. ஒருவன் காதலித்தான் என்று சேரி முழுவதையும் கொளுத்துகிற மனசும் இதே மனசுதான். கைக்குழந்தையாக விரட்டப்பட்ட முஸ்தஃபா ஜெமிலேவ் வளர்ந்து ஊர் திரும்பும் போராட்டத்தின் தலைவரானார், திரும்பத் திரும்பச் சிறை போனார். 1976 ஏப்ரலில் சைபீரியாவின் ஓம்ஸ்க் நகரில் அவர் மீது வழக்கு நடந்தபோது சகாரோவும் போனரும் மாஸ்கோவிலிருந்து அங்கே போனார்கள். வாசலில் தள்ளுமுள்ளு. உள்ளே விடவில்லை. ஜெமிலேவுக்கு இரண்டரை ஆண்டு தண்டனை. சகாரோவ் போனதால் தீர்ப்பு மாறிவிடவில்லை. ஆனால் ஓம்ஸ்க்கில் நடந்தது உலகத்துக்குத் தெரிந்தது.

இந்த இடத்தில் யெலேனா போனரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சகாரோவின் நிழல் என்று அவரை எழுதுவது அநியாயம். வளர்ப்புத் தந்தை ஸ்டாலின் காலத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். தாய் ஆண்டுக்கணக்கில் முகாமில் கிடந்தார். போர்க்களத்தில் செவிலியாக இருந்து காயம்பட்டவர், பிறகு குழந்தை மருத்துவர். 1970-இல் ஒரு நீதிமன்ற வாசலில்தான் இருவரும் அறிமுகமானார்கள். சிறைக் கதவின் மொழி அவருக்கு வீட்டிலேயே தெரியும். 1969-இல் சகாரோவ் தன் சேமிப்பு 1,39,000 ரூபிளை அரசுக் கட்டுப்பாட்டிலிருந்த செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் புற்றுநோய் மருத்துவமனைக்கும் கொடுத்தார். அது தவறு என்று பிறகு வருந்தினார். கைதிகளின் குடும்பங்களுக்கு அந்தப் பணம் உதவியிருக்கும். 1974-இல் கிடைத்த ஒரு பிரெஞ்சுப் பரிசுத் தொகையில் போனர் அரசியல் கைதிகளின் குழந்தைகளுக்கு நிதி தொடங்கினார். தானம் செய்வதற்கும் பக்கத்தில் நிற்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அவர்தான் கணவருக்குக் கற்றுக்கொடுத்தார் என்று நினைக்கிறேன்.

நோபல் உரைக்குத் திரும்புவோம். ஆஸ்லோவில் போனர் வாசித்த அந்த உரையில் சகாரோவ் கைதிகளின் பெயர்களை வரிசையாக அடுக்கியிருந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள். இலக்கிய மன்றத்தில் பேசுவதால் இதைச் சொல்கிறேன்: அதுவும் ஒரு எழுத்து முறை. 1968 முதல் அங்கே இரகசியமாக வந்த 'நடப்பு நிகழ்வுகளின் குறிப்பேடு' என்ற இதழ் இந்த முறையில்தான் எழுதப்பட்டது. அடைமொழி இல்லை, ஆவேசம் இல்லை. யார், எந்த நாளில், எந்த ஊரில், எந்தப் பிரிவில் கைது; சிறையில் சோறு எப்படி. கவல்யோவ் சிறை போனதும் அந்தக் குறிப்பேட்டுக்காகத்தான். அண்ணல் 'சாதி ஒழிப்பு' நூலில் கவிதா, சக்வாரா என்று ஊர்ப்பெயர் சொல்லி நடந்ததை நடந்தபடி வைத்தார். அந்த ஊர்ப்பெயர்கள்தான் எதிராளியின் வாயை அடைத்தன. நம் உண்மையறியும் அறிக்கைகளை இலக்கியமில்லை என்று ஒதுக்குகிறவர்களுக்கு இதையே பதிலாகச் சொல்வேன்.

கோர்க்கி

1979 கடைசியில் சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தது. சகாரோவ் வெளிப்படையாகக் கண்டித்தார். 1980 ஜனவரி 22 அன்று நடுத்தெருவில் காரை மறித்துப் பிடித்தார்கள். விசாரணை இல்லை, தீர்ப்பு இல்லை. விருதுகள் எல்லாம் பறிக்கப்பட்டு, வெளிநாட்டவர் நுழைய முடியாத கோர்க்கி நகரில் ஒரு அடுக்குமாடி வீட்டில் வைக்கப்பட்டார். வாசலில் காவலர், வீட்டில் தொலைபேசி இல்லை. தன்வரலாற்றை எழுதினார், 1981-இல் பல் மருத்துவமனையில் பை திருடப்பட்டது. மறுபடி எழுதினார், 1982-இல் காரிலிருந்து திருடினார்கள். மறுபடியும் எழுதினார். உண்ணாவிரதம் இருந்தபோது கைகால்களைக் கட்டி, மூக்கை அடைத்து, வலுக்கட்டாயமாக உணவு புகட்டினார்கள். 1984-இல் போனரையும் தண்டித்து அதே ஊருக்குள் அடைத்தார்கள்.

1986 டிசம்பர் 15 இரவு ஆட்கள் வந்து வீட்டில் தொலைபேசி வைத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் அழைத்தவர் கோர்பச்சேவ். மாஸ்கோ திரும்பலாம் என்றார். நன்றி சொன்ன கையோடு சகாரோவ் எடுத்த பேச்சு, ஒரு வாரத்துக்கு முன் சிறையில் இறந்துபோன அனதோலி மார்ச்சென்கோவைப் பற்றியது. மார்ச்சென்கோ விஞ்ஞானி அல்ல, ரயில்வே தொழிலாளியின் மகன், பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத கூலியாள். சோவியத் முகாம்களைப் பற்றி எழுதி உலகத்துக்குச் சொன்னவர். எல்லா மனச்சாட்சிக் கைதிகளையும் விடுவிக்க வேண்டும் என்று சகாரோவ் அந்த அழைப்பிலேயே கேட்டார். ஏழு ஆண்டு அடைபட்டுக் கிடந்தவர் தன் விடுதலைச் செய்தி வந்த நிமிடத்தில் வேறொருவரின் பெயரைச் சொன்னார். இந்த ஒரு காரணத்துக்காகவே அவர் மேல் எனக்கு மரியாதை.

1989-இல் மக்கள் பிரதிநிதிகள் பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆப்கான் போரைப் பற்றிப் பேசியதற்காக அவையில் கூச்சலிட்டு அவமானப்படுத்தினார்கள். ஜூனில் கட்சியின் ஏகபோகத்தை ஒழிக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருக்கும்போதே ஒலிவாங்கி அணைக்கப்பட்டது. அவர் பேச்சை நிறுத்தவில்லை. புதிய அரசியல் சட்டத்துக்கு ஒரு வரைவு எழுதினார். டிசம்பர் 14 அன்று இறந்தார். வயது 68.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

இவ்வளவும் சொல்லிவிட்டு, நம் பார்வையிலிருந்து விமர்சிக்காமல் விட்டால் அது நினைவுச் சொற்பொழிவு ஆகாது, துதியாகிவிடும்.

முதலாவது, இடதுசாரித் தோழர்களின் கேள்வி: அவர் அமெரிக்காவின் கையாள் இல்லையா? என் தலைமுறை மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்களை நியூ செஞ்சுரி கடைகளில் சில ரூபாய்க்கு வாங்கிப் படித்து வளர்ந்தது. அந்தக் கடன் எனக்கு உண்டு. ஆனால் நான் படித்த அந்தப் புத்தகங்களில் கிரிமியத் தாத்தார்களும் இல்லை, முகாம்களும் இல்லை. சகாரோவ் மேற்கு நாடுகளை அளவுக்கு மேல் நம்பினார் என்ற விமர்சனத்தை நான் ஏற்கிறேன். அதற்காக அவர் எழுதிய கைதிகளின் பெயர்கள் பொய்யாகிவிடாது. நம்மவர் ஆட்சி என்றால் கொடுமையைப் பேசாமல் இருப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்று நமக்கு அனுபவத்தில் தெரியும்.

இரண்டாவது, குண்டு. செய்தது தேவையாக இருந்தது என்ற எண்ணத்தை அவர் முழுதாகக் கைவிட்டதில்லை. செமிபலாத்தின்ஸ்க்கில் 1949 முதல் 1989 வரை 456 சோதனைகள் நடந்தன. கதிர்வீச்சைச் சுமந்தவர்கள் கஜக் கிராமத்து மக்கள். வெற்று நிலம் என்று மாஸ்கோ முடிவுசெய்த இடத்தில் அவர்கள் ஆடு மேய்த்து வாழ்ந்தார்கள். அந்தத் திடலை மூடவைத்த இயக்கம் 1989 பிப்ரவரியில் ஒல்ஜாஸ் சுலைமேனவ் என்ற கஜகக் கவிஞரின் அழைப்பில் எழுந்தது. 1991 ஆகஸ்ட் 29 அன்று திடல் மூடப்பட்டது. ஆக, மனச்சாட்சியுள்ள விஞ்ஞானி கணக்குப் போட்டுச் சொல்லலாம். கதவை மூடியது பாதிக்கப்பட்டவர்கள் தெருவுக்கு வந்த பிறகுதான். இந்த வரிசையை மாற்றி எழுத நாம் அனுமதிக்கக் கூடாது.

மூன்றாவது, அணுமின்சாரம். சகாரோவ் அதை எதிர்த்தவர் அல்ல. உலைகளை நிலத்துக்கடியில் கட்டினால் பாதுகாப்பு என்று செர்னோபிலுக்குப் பிறகும் வாதாடினார். கூடங்குளத்தில் நிற்பவை சோவியத் வடிவமைப்பு உலைகள். 1988 நவம்பரில் கோர்பச்சேவும் ராஜீவ் காந்தியும் போட்ட ஒப்பந்தத்தில் வந்தவை. அவற்றை நிலத்துக்கடியில் கட்டவில்லை. இடிந்தகரை மீனவப் பெண்கள் கேட்ட கேள்விகளுக்கு அரசு தேசத் துரோக வழக்கால் பதில் சொன்னது. உலையைப் பற்றிச் சகாரோவோடு நாம் முரண்படலாம். கேள்வி கேட்பவரைத் துரோகி என்று சொல்லும் அரசின் கையில் உலை இருக்கக் கூடாது என்பதை அவருடைய 1968 கட்டுரையை வைத்தே சொல்லலாம்.

தொடக்கத்தில் தோழர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். சகாரோவ் மேலே இருந்தவர், இறங்கி வந்தார். நமக்கு இறங்குவதற்குப் படி இல்லை. அதனால் அவரை முன்மாதிரியாக அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் இன்று நம் பிள்ளைகள் ஆய்வகங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் அரசு அலுவலகங்களிலும் இருக்கிறார்கள். முதல் தலைமுறை வேலை, கடன், குடும்பம், பதவி உயர்வு. வாயைத் திறந்தால் என்னாகும் என்ற பயம் நியாயமானது. எல்லோரும் வேலையை விட்டுவிட்டு வாருங்கள் என்று நான் கேட்கவில்லை. சகாரோவிடமிருந்து எடுத்துக்கொள்ள அதைவிடச் சின்ன விஷயம் ஒன்று இருக்கிறது. வழக்கு நாளில் போய் நில்லுங்கள்.

அதற்குச் சட்டத்திலும் இப்போது இடமுண்டு. சகாரோவ் இறந்த அதே 1989-இல்தான் நம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. 2015 திருத்தத்தில் சேர்ந்த 15ஏ பிரிவு பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்புக் கேட்கும் உரிமை தருகிறது; விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை தருகிறது; தொண்டு நிறுவனம், சமூகப் பணியாளர், வழக்கறிஞர் உதவியைப் பெறும் உரிமை தருகிறது. எத்தனை வழக்குகளில் அந்த உரிமை பயன்பட்டது? சாட்சி பிறழ்ந்துவிட்டார் என்று தீர்ப்பில் ஒரு வரி வருகிறது. அவர் ஏன் பிறழ்ந்தார்? காலையில் ஊரிலிருந்து தனியாகப் பஸ் ஏறி வந்தார். எதிர்த்தரப்பில் நாற்பது பேர் வராந்தாவில் நின்றார்கள். நம் பக்கம் யாரும் இல்லை. பல வழக்குகள் இப்படித்தான் தோற்றன.

கடைசியாக ஒன்று. சகாரோவ் கௌரவத் தலைவராக இருந்து, ஸ்டாலின் கால பலிகளின் பெயர்களைத் திரட்டிய 'மெமோரியல்' அமைப்பைக் கலைக்க 2021 டிசம்பரில் ரஷ்ய உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மறு ஆண்டு அதற்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. அரசுகள் பட்டியலுக்குப் பயப்படுகின்றன. பெயர் எழுதிவைத்தால் ஒருநாள் யாராவது வாசித்துவிடுவார்கள்.

வாத்தியாரின் துணிப்பையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று எப்போதும் இருக்கும். வழக்கு எண், வாய்தா தேதி, சாட்சிகளின் பெயர், அவர்களுக்கு எந்த ஊர், எத்தனை மணி பஸ். அவர் போன பிறகு அந்த நோட்டுகள் மன்றத்துக்கு வந்திருக்கின்றன. கடைசி நோட்டில் இன்னும் முடியாத வழக்குகள் இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் மாணவர்கள் அதை வாங்கிப் பாருங்கள். அடுத்த வாய்தாவுக்கு யார் போகிறீர்கள் என்று அதிலேயே உங்கள் பெயரை எழுதுங்கள்.